இரண்டு ரூபாய் முதலாளிகள்

சினிமாவுக்குப் பணம் போட்டவர் பெயரைத் திரையில் ஒரு கணம் பார்க்கிறோம். உடனே மறந்தும் விடுகிறோம். 1976இல் வந்த ‘மந்தன்’ என்ற ஹிந்திப் படத்தில் அது சாத்தியமில்லை. பணம் போட்டவர்கள் குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து லட்சம் குடியானவர்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய். மொத்தம் பத்து லட்சம். டைரக்டர் ஷ்யாம் பெனகல், திரைக்கதை விஜய் டெண்டுல்கர். முதலாளிகளே லாரி ஏறி வந்து தங்கள் படத்தைப் பார்த்து, அதை ஓடவும் வைத்தார்களாம்.

தங்கள் காசில் தங்களைப் பற்றி எடுத்த படம் என்றால், அதில் புகழ்மாலையைத் தவிர வேறு என்ன இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் எவரும் உட்காருவார்கள். சந்தேகம் பாதி பொய்யாகிறது. பாதிதான்.

மிஸ்ரா என்ற பால் வியாபாரியின் பிடியில் இருக்கும் ஊருக்கு டாக்டர் ராவ் என்ற கால்நடை வைத்தியர் வருகிறார். பாலின் கொழுப்பை அளந்து, அதற்கேற்ற விலை கொடுக்கும் சங்கம் ஒன்றை அமைக்கப் பார்க்கிறார். மிஸ்ரா எதிர்ப்பது பெரிதல்ல. எந்தக் கதையிலும் அவன் எதிர்ப்பான். சங்கத் தேர்தலில் நின்ற ஊர்ப் பெரிய மனிதர், ஒதுக்குப்புறத்து ஜனங்களில் ஒருவனிடம் தோற்றதும் மிஸ்ரா பக்கம் சாய்கிறாரே, அங்கேதான் படம் கெட்டிப்படுகிறது. பாலுக்கு நல்ல விலை கிடைப்பதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. யார் முன்னால் யார் நிற்பது என்பதில்தான் தகராறு. கூட்டுறவு வாரத்துக்கு வாரம் மேடையில் பேசுகிறவர்கள் பூசி மெழுகுகிற சங்கதி இது.

பிந்துவாக வரும் ஸ்மிதா பாட்டீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எருமையைப் பேணுகிறவள் அவள். பாலும் அவள் உழைப்பு. ஆனால் அவள் கைநாட்டு அவளுடையதல்ல. டாக்டர் மீது அபாண்டம் சுமத்தும் காகிதத்தில் அதைப் பதியவைத்துவிடுகிறார்கள். சங்கம் ஜெயித்தால் பிந்துவுக்கு என்ன கிடைக்கும்? படம் பதில் சொல்லவில்லை. டெண்டுல்கருக்குத் தெரியாமலா இருக்கும்? முதலாளிகளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ராவ் ரயிலிலிருந்து இறங்கிய பிறகே ஊர் விழிப்பதாகப் படம் காட்டுகிறது. நடந்தது வேறு. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏற்பாட்டில் போல்சன் கம்பெனியே கொள்முதலைக் கையில் வைத்திருந்தபோது, கேடா ஜில்லாக் குடியானவர்கள் 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூடி, சொந்தச் சங்கம் என்று தீர்மானித்தார்கள். பதினைந்து நாள் பாலை நிறுத்தினார்கள். அவ்வருஷம் டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஜில்லா யூனியன் பதிவாயிற்று. பிற்காலத்தில் அமுல் என்று பெயர் பெற்றது அதுதான். வர்கீஸ் குரியன் சர்க்கார் உத்தியோகஸ்தராக ஆனந்துக்கு வந்தது 1949இல். கெட்டிக்காரர், சந்தேகமில்லை, ஆனால் அவர் வரும்போது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கதை எழுதியதில் குரியனுக்கும் பங்கு உண்டு என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பட்டணத்துப் படிப்பாளி வந்து கிராமத்தைக் கரையேற்றுவது நம் எழுத்தாளர்களுக்கும் பிடித்த கதை. நாற்பதுகளிலிருந்து எத்தனை நாவல்கள்!

ஆனால் இந்தக் கோணலை டெண்டுல்கரே கடைசியில் நிமிர்த்தப் பார்க்கிறார். ராவ் வேலை முடியாமலே ரயிலேறிப் போய்விடுகிறார். மிஞ்சுகிறவன் போலா. முரடன், பட்டணத்து மனிதர்களை நம்பாதவன். நசீருத்தீன் ஷா அவனை முகத்தைவிட முதுகாலும் தோளாலும் நடித்திருக்கிறார். டாக்டர் போய்விட்டார், ஆனால் மாடுகள் போய்விடவில்லை. அடுத்த வேளைப் பாலை யார் வாங்குவது? ஆள் கூப்பிடக் கிளம்புகிறான் போலா. படத்தைப் பிற்பாடு ஊர் ஊராகப் போட்டுக் காட்டிப் புதுச் சங்கங்கள் அமைத்தார்களே, அங்கே ஜனங்கள் டாக்டரைப் பார்த்துக் கை தட்டினார்களா, இவனைப் பார்த்தா என்று அறிய எனக்கு ஆசை.