செய்கை வேறு, சுகம் வேறு: மூலிகை ஆய்வுகளை நாம் எழுதும் முறை பற்றி

மாத்தளை நகரைக் கடந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போகிறவர்களுக்கு, இரு மருங்கிலும் இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பழக்கமானவை. மிளகுக் கொடி, கறுவா, ஏலம், சாதிக்காய் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வரும் வழிகாட்டி, கடைசியில் போத்தல்கள் அடுக்கிய ஓர் அறைக்குள் கூட்டிப்போவார். மூட்டு வலிக்கு ஒன்று, முடி உதிர்வுக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே முத்தாய்ப்புத்தான்: "இது ரிசேர்ச் பண்ணி புரூவ் பண்ணின சாமான்."

வியாபாரி அப்படித்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே வசனம் நமது எழுத்துக்குள்ளும் வந்து குந்திக்கொண்டிருப்பதுதான் என் கவலை. பள்ளிவாசல் நினைவு மலர்களையும், பாடசாலை ஆண்டு மலர்களையும், பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். கருஞ்சீரகம், தேன், அத்தி, ஸைத்தூன், மஞ்சள் என்று தலைப்பு மாறும். கட்டுரையின் அமைப்பு மாறாது. முதலில் ஒரு ஹதீஸ் அல்லது முன்னோர் சொல். அடுத்து, 'நவீன விஞ்ஞானம் இன்று இதை நிரூபித்துவிட்டது' என்றொரு வரி. யார் நிரூபித்தார், மனிதரிலா, எலியிலா, கண்ணாடித் தட்டிலா என்ற கேள்விகள் எழுவதேயில்லை.

இதில் நான் பிறரைச் சுட்டவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு மலருக்கு நானும் இப்படியொன்று எழுதினேன். 'கொத்தல ஹிம்புட்டு சீனி வருத்தத்தைக் குணப்படுத்தும் என்பது ஆய்வுகளில் நிரூபணமாகியுள்ளது' என்பது அதில் ஒரு வசனம். எங்கள் சாச்சா அதை வெட்டி எடுத்துக் குர்ஆன் தாங்கிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார். அந்த மரத்தில் கடைந்த கோப்பை ஒன்றையும் தூள் பக்கெற் ஒன்றையும் வாங்கிக்கொண்டு, கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டார். காலில் வந்த சின்னக் காயம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. பார்க்கப் போன என்னிடம் அவர் கோபமாகப் பேசவில்லை. "நீங்கதானே மகன் எழுதீந்தீங்க, ரிசேர்ச் செஞ்சீக்கி எண்டு" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே என் சொந்த வசனத்தையே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

தட்டில் நடப்பதும் உடம்பில் நடப்பதும்

மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலையையோ பட்டையையோ உலர்த்தி அரைத்து, மெதனோல், எதனோல் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். பக்ரீரியா வளர்த்த தட்டில், அச்சாற்றில் தோய்த்த சிறு காகித வட்டை வைப்பார்கள். வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெளி எத்தனை மில்லிமீற்றர் என்று அளப்பார்கள். இன்னொரு சோதனையில் டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் சாற்றை விடுவார்கள். ஊதா மஞ்சளாக மாறினால், அதில் ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பார்கள். உப்பு நீரில் வாழும் சிறிய கூனி இறால் குஞ்சுகள் எத்தனை சாகின்றன என்று எண்ணி நச்சுத்தன்மையை மதிப்பிடும் முறையும் உண்டு.

இவை வீண் வேலைகள் அல்ல. நூற்றுக்கணக்கான செடிகளில் எதை மேற்கொண்டு ஆராய்வது என்று தெரிவுசெய்ய இவை செலவு குறைந்த முதற்படி. ஆனால் இவை காட்டுவது ஒரு பொருளின் செய்கையை மட்டுமே, நோயாளி அடையும் சுகத்தை அல்ல. வினாகிரியும் தட்டில் கிருமியைத் தடுக்கும். நாம் காலையில் குடிக்கும் பிளேன்ரீயும் அந்த ஊதாவை மஞ்சளாக்கும். அதற்காகப் பிளேன்ரீ புற்றுநோய்க்கு மருந்து என்று யாரும் எழுதுவதில்லை.

தட்டுக்கும் மனிதனுக்கும் இடையில் குடல் இருக்கிறது, ஈரல் இருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத்தில் எதைத் தொட்டாலும் வேலை செய்வதுபோல் தெரியும். 2017இல் மருந்து இரசாயனவியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். அது குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, சோதனைகளிலேயே போலியான பலனைக் காட்டும் இயல்புள்ளது, நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும் உறுதியான வெற்றி கிட்டவில்லை என்பது அவர்களின் முடிவு. கறிக்கு மஞ்சள் போடுவதை இது தடுக்கவில்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவதைத்தான் தடுக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தடிமன் காய்ச்சல் என்றால் உம்மும்மா கொத்தமல்லியும் வெனிவெலும் இஞ்சியும் போட்டு, எட்டுக் கோப்பை தண்ணீரை ஒன்றாக வற்றவைத்துத் தருவார். அவர் கொதிக்கவைத்தது தண்ணீரில், ஆய்வுகூடம் ஊறவைப்பது மெதனோலில். எனவே ஆய்வுகூடத்தில் பலன் தெரிந்தால் அது உம்மும்மாவின் கசாயத்துக்குச் சாட்சியாகாது. பலன் தெரியாவிட்டால் அவரைப் பொய்யாக்கவும் முடியாது. இதற்குச் சீனாவின் து யூயூ நல்ல உதாரணம். மலேரியாவுக்கு மருந்து தேடிய அவரது குழுவுக்கு, சிங்ஹாவோ என்ற செடியில் நிலையான பலன் கிடைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் வைத்திய நூலைத் திரும்பப் படித்தார். அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கவே சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். ஆர்ட்டெமிசினின் அப்படிக் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய ஏட்டை வணங்காமலும் தள்ளிவிடாமலும் கவனமாக வாசித்ததன் பலன் அது.

என் வசனத்தின் பிழை

இப்போது கொத்தல ஹிம்புட்டுவுக்கு வருவோம். தமிழ் வைத்தியத்தில் பொன்கொறண்டி என்று சொல்லப்படும் இனம் இது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோற்றிலும் பாணிலுமுள்ள மாப்பொருளைக் குடலில் சீனியாக உடைக்கும் நொதியத்தை அது தடுக்கிறது. அதனால் சாப்பிட்ட பிறகு சீனி சட்டென்று ஏறாது. இது கதையல்ல, பொறிமுறை தெரிந்த விஷயம்.

2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்று அடுத்த படியையும் ஏறியது. 51 நோயாளிகள். ஒரு பகுதியினர் 3 மாதம் இந்த மூலிகை சேர்ந்த தேநீரையும், அடுத்த 3 மாதம் மருந்தில்லாத தேநீரையும் குடித்தார்கள். மற்றவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மாதக்கணக்கான சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, மருந்தில்லாத தேநீரின் முடிவில் 6.65ஆகவும் மூலிகைத் தேநீரின் முடிவில் 6.29ஆகவும் இருந்தது. மெற்போமின் குளிசையின் தேவையும் குறைந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆய்வு. நமது மண்ணின் மூலிகையை இவ்வளவு ஒழுங்காகச் சோதித்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதை வைத்து நான் எழுதிய வசனத்தைப் பாருங்கள். 'குணப்படுத்தும்' என்றேன். ஆய்வு காட்டியது சிறிய குறைவு, குணமல்ல. 'ஆய்வுகளில்' என்றேன். நான் ஒன்றைக்கூட முழுதாக வாசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, நான் எழுதாமல் விட்டது. அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில், குளிசைகளோடு சேர்த்துத்தான் தேநீரைக் குடித்தார்கள். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் சாச்சா குளிசையை நிறுத்தியிருக்கமாட்டார். கடையில் விற்கும் கோப்பையும் தூளும் ஆய்வில் பயன்பட்ட அதே அளவு, அதே தயாரிப்பு அல்ல என்பதையும் நான் சொல்லவில்லை.

நமது மரபு கேட்டுக்கொண்ட கேள்விகள்

'இதெல்லாம் மேற்கத்தேயப் பார்வை, நமது வைத்தியத்துக்குப் பொருந்தாது' என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் இப்னு ஸீனாவின் 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் இரண்டாம் பாகத்தைப் பார்க்க வேண்டும். தனி மருந்தொன்றைச் சோதிக்க அவர் 7 நிபந்தனைகள் வைக்கிறார். மருந்து வெளியிலிருந்து வந்த சூடு, குளிர்ச்சி போன்ற தன்மை கலக்காததாக இருக்க வேண்டும். கலவையான நோயில் அல்லாமல் தனி நோயில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான நோய்களிலும் சோதிக்க வேண்டும். மருந்தின் வலு நோயின் வலுவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பலன் எப்போது வந்தது என்று கவனிக்க வேண்டும். அது எப்போதும் அல்லது பெரும்பாலும் வருகிறதா, இல்லை தற்செயலா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, சோதனை மனித உடம்பில் நடக்க வேண்டும். சிங்கத்திலோ குதிரையிலோ பலித்தது மனிதனில் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இதை எழுதியது 11ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே அர்ராஸி, மூளைக் காய்ச்சலுக்கு ஒரு கூட்டத்துக்கு இரத்தம் குத்தி எடுத்து, இன்னொரு கூட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதாகக் குறித்திருக்கிறார். தட்டில் வந்த பலனை மனிதனுக்கு நீட்டி எழுதும் நமது கட்டுரைகள், இப்னு ஸீனாவின் பெயரை அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டு அவருடைய ஏழாவது நிபந்தனையிலேயே தோற்றுப்போகின்றன.

யூனானி மரபு நவீன காலத்தில் இதைச் செய்து காட்டியும் இருக்கிறது. டில்லி ஹக்கீம் அஜ்மல் கான் தமது திப்பியா கல்லூரியில் ஆய்வுக்கு இடம் கொடுத்து, ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி என்ற இரசாயனவியலாளரை ஊக்குவித்தார். ஹக்கீம் 1927இல் மறைந்தார். 1931இல் ஸித்தீகி சர்ப்பகந்தியிலிருந்து, சிங்களத்தில் ஏகவேரிய என்ற அந்த வேரிலிருந்து, ஒரு பொருளைப் பிரித்து, தமது ஆதரவாளரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக் கோளாறுக்கு அது இன்றும் பயன்படுகிறது. அதே வேரை உயர் இரத்த அழுத்தமுள்ள 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரித்தானியச் சஞ்சிகையொன்றில் எழுதினார் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல். அதன் பிறகுதான் உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது.

சோதனை எப்போதும் நமக்குச் சாதகமாக வராது. யூனானியில் ஸராவந்த் என்றும், தமிழில் ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை என்றும் வழங்கும் அரிஸ்டலோகியா இனச் செடிகள் நூற்றாண்டுகளாக மருந்தாக இருந்தவை. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சாப்பிட்ட ஒரு மூலிகைக் கலவையில், வேறொரு செடிக்குப் பதிலாக இந்த இனத்துச் சீனச் செடியொன்று தவறுதலாகக் கலந்துவிட்டது. ஏறத்தாழ 100 பெண்களின் சிறுநீரகம் பழுதானது. அதிலுள்ள அமிலம் புற்றுநோயையும் உண்டாக்குவது பின்னர் உறுதியானது. சிறுநீரகம் மெதுவாகப் பழுதாவதால், கொடுத்த வைத்தியரின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. 'காலங்காலமாகப் பாவித்தது, பக்கவிளைவு இல்லை' என்ற நமது இரண்டாவது பிரியமான வசனமும் இங்கே விழுந்துவிடுகிறது.

ஆதாரம் கேட்ட சமூகம்

2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து செய்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பகிரங்கமாக அதைக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா தொற்றியது. நாம் சிரித்தோம். ஆனால் அதே நாட்களில் நமது வட்ஸ்அப் குழுக்களில் கருஞ்சீரகம் பற்றி என்னென்ன சுற்றின என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போதுதான் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்றார்கள். "ஆதாரம் எங்கே?" என்று நாம் கேட்டோம். இருபது நாள் குழந்தையை எரித்தபோதும் அதைத்தான் கேட்டோம். ஆதாரம் இருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. நிபுணர் என்ற பெயரில் ஆதாரமில்லாமல் சொல்லப்படும் வார்த்தை ஒரு சமூகத்தை எப்படி வதைக்கும் என்று நம்மைவிட அறிந்தவர் யார்? அந்தக் கேள்வியை அடுத்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டு, நமது மலர்களில் நாமே அதை மறந்துவிட்டால், அன்று கேட்டதன் கனம் குறைந்துபோகும்.

எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. ஒரு மூலிகை ஆய்வைப் பற்றி எழுதும்போது நாலு விஷயத்தைச் சொல்லுங்கள்: எந்தச் செடி, எந்தப் பாகம், எதில், எப்படித் தயாரித்தது, தட்டிலா, விலங்கிலா, எத்தனை மனிதரிலா, வழக்கமான மருந்தோடா, அதற்குப் பதிலாகவா. பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். பிராமி என்ற ஒரே பெயர் ஓரிடத்தில் வல்லாரைக்கும் இன்னோரிடத்தில் நீர்ப்பிரமிக்கும் வழங்குகிறது.

ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கும் ஒன்று. கண்டி இராச்சியத்தில் கோபால குடும்பத்தார் போன்ற முஸ்லிம் வைத்தியர்கள் அரசவை வரை இருந்ததை லோனா தேவராஜா எழுதியிருக்கிறார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் ஏற்றுக்கொண்டது. நவின்னையில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நமது மாவட்டத்திலும் வயது போன பரிசாரிகளின் கொப்பிகள் வீட்டு இலாச்சிகளில் கறையான் தின்னக் கிடக்கின்றன. இன்னொரு தட்டில் இன்னொரு வட்டை வைக்க முன், அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, செடி, அளவு, பத்தியம், பக்குவம் எல்லாவற்றையும் அவர் வாயால் கேட்டுப் பதியுங்கள். சோதிக்க வேண்டியது அதைத்தான்.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்ற ஹதீஸை நாம் எல்லோரும் எழுதுகிறோம். அது தேடச் சொல்கிறது, கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்கச் சொல்லவில்லை. வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. பேனாவால் வைத்தியம் செய்கிறவர்களும் அதற்குள் அடங்குவார்கள் என்றே நான் நம்புகிறேன். சாச்சா இப்போது குளிசையை விடாமல் குடிக்கிறார். அந்தக் கட்டுரைத் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.