நிலநூற் கலைச்சொற்கள்: ஒரு மதிப்பீடு

கலைச்சொல் என்பது ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர் மாத்திரமன்று. அப்பொருளைப் பற்றி மாணவன் சிந்திக்கும் நெறியையும் அதுவே வகுத்துவிடுகின்றது. சொல் பிழைபடின் சிந்தனை பிழைபடும். பின்னர் அப்பிழைக்குத் தமிழ்மொழியே காரணமெனப் பழி சுமத்தப்படும். பாறை, கனிப்பொருள், சுரங்கம் என்பன பற்றிய கலைச்சொற்களை இந்நோக்குடன் மதிப்பிடுதல் ஈண்டு எமது கருத்தாகும்.

தமிழிற் கலைச்சொல்லாக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1936 ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஈழம் தந்த விபுலாநந்த அடிகளாவர். எனினும், பின்னர் இரு கரையினரும் தனித்தனியே சொற்களை ஆக்கினர். ஈழத்திற் 'புவியியல்' என்பது நிலமும் காலநிலையும் மக்கள் வாழ்வும் பற்றிய பாடம். பாறைகளை ஆராயும் துறை 'புவிச்சரிதவியல்' எனப்படும். தமிழகத்திலோ 'இந்தியப் புவியியல் ஆய்வு மையம்' என்னும் பெயரிற் புவியியல் என்பது பாறைகளை ஆராயும் துறையையே குறிக்கின்றது. நாம் கனிப்பொருள், கனியம் என்பவற்றை அவர்கள் கனிமம் என்பர். பின்னைய வேற்றுமையாற் கேடில்லை, முன்னையதாற் கேடுண்டு. ஒரு பொருளுக்கு இரு சொல் இருத்தலைப் பொறுக்கலாம். ஒரு சொல் இரு பொருளுக்கு நிற்றலை அறிவியல் பொறாது.

இதற்குக் 'காரீயம்' என்னும் சொல்லினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பழந்தமிழ் வழக்கில் வெள்ளீயம், காரீயம் என்பன இருவேறு உலோகங்கள். ஈழத்தில் நாம் காரீயம் என்பதோ போகலையிலும் ககட்டகாவிலும் அகழப்படும், பென்சில் செய்ய உதவும் கனியத்தை. இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த மயக்கமன்று. ஐரோப்பியரும் இதனை ஈயத்தின் இனமென்றே கருதி, இலத்தீன் மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லடியாகப் 'பிளம்பேகோ' எனப் பெயரிட்டனர். 1779 இல் சீலே என்னும் சுவீடிய வேதியியலறிஞர் இது காபனே எனக் காட்டினார். 1789 இல் வேணர் என்னும் செருமானிய அறிஞர், எழுதுதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராபைற்று' என்னும் பெயரை அமைத்தார். அவர்கள் பிழையை உணர்ந்து பெயரை மாற்றினர். நாமோ பழம்பெயரை விட்டிலேம். ஈயத்தின் அடர்த்தி நீரினும் பதினொரு மடங்குக்கு மேற்பட்டது. இக்கனியத்தினதோ ஏறத்தாழ இரண்டேகால் மடங்கே. முன்னது நஞ்சு, பின்னது அன்று. இரண்டையும் ஒரு பெயரால் அழைத்தல் தகுமோ? நம் பாடநூல்களில் வழங்கும் 'பென்சிற்கரி' என்னும் சொல், கரி என்னும் உண்மையைத் தன்னுள் அடக்கியிருத்தலின், இதனைப் போற்றுதல் நன்று.

'பளிங்கு' என்பதும் இத்தகைத்தே. ஈழத்து வேதியியலிற் பளிங்கு என்பது அணுக்கள் ஒழுங்குற அமைந்த திண்மத்தைக் குறிக்கும். தமிழகத்தார் அதனைப் படிகம் என்பர். மக்கள் வழக்கிற் பளிங்கு மாளிகை என்றாற் சலவைக்கல்லே நினைவில் எழுகின்றது. சலவைக்கல் சுண்ணக்கல் உருமாறியதால் விளைந்தது. மாத்தளைப் பகுதியிலுள்ளது அவ்வாறு உருமாறிய கல். யாழ்ப்பாணத்திலுள்ளதோ மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்த அடையற்பாறை. இவற்றை வேறுபிரித்தறியும் மாணவனுக்கு மயங்காத சொற்கள் வேண்டும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தலும் இடர் தரும். பாறை உடைந்து ஒரு பக்கம் மற்றதினின்றும் இடம் பெயர்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப் பொருள் 'குற்றம்' என்பது. அதனைக் கொண்டு பெயரிடின் நிகழ்ச்சி விளங்காது. 'பிளவு' எனினும் போதாது. பெயராது வெடித்த மூட்டுக்களும் பிளவே அன்றோ? 'பிளவுப்பெயர்ச்சி' என்பதே நிகழ்ந்ததைக் கூறுகின்றது.

ஒலிபெயர்ப்பை முற்றாக விலக்குதலும் அறிவுடைமையன்று. கருங்கல் என்பது கட்டடத் தொழிலாளரின் நல்ல சொல். ஆயினும் நைசு, கிரனைற்று, சாணொக்கைற்று ஆகிய அனைத்தும் அவர்க்குக் கருங்கல்லே. இவற்றுள் இறுதியாகக் கூறியதைச் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் ஆராய்ந்த ஒல்லந்து என்பார், கல்கத்தாவிலுள்ள சாணொக்கு என்பாரின் கல்லறை அக்கல்லாலாயது என்பதுபற்றி, 1893 இல் அப்பெயரிட்டார். ஆட்பெயரடியாக வந்த சொல்லை எவ்வாறு மொழிபெயர்ப்பது? அதனை ஏற்பதே முறை.

ஆயினும், நமக்குரியதையே அயலதாகக் கொள்ளுதல் ஆகாது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனியத்தின் நிறவேறுபாடுகள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்ததாகிய அதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், நம் 'குருந்தம்' என்னும் சொல்லினின்றே பிறந்ததென்பது அகராதியாசிரியர் துணிபு. அதனைக் 'கொறண்டம்' என ஒலிபெயர்த்து எழுதுதல், தன் வீட்டுப் பொருளை அயலானிடம் விலைகொடுத்து வாங்குதல் போலும்.

ஆகவே, பொருளின் இயல்பு உரைக்குஞ் சொல்லை முதற்கண் தேடுக. மக்கள் வழக்கு மயக்கம் தராதவிடத்து அதனைக் கொள்க. ஆட்பெயரும் இடப்பெயரும் அடியாக வந்தவற்றை ஒலிபெயர்க்க. இம்மூன்று நெறிகளையும் இரு கரையினரும் ஒருங்கு கைக்கொள்வாராயின், தமிழ்வழிக் கற்கும் மாணவன் சொல்லோடு போராடுதல் தவிர்ந்து பொருளை ஆராயத் தொடங்குவான்.