நடுக்கட்டத்து மஞ்சள்

மர்பி டவுனில் பொங்கலன்று காலை. எதிர்வீட்டுச் சிறுமி வாசலில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, மஞ்சள், சிவப்பு, பச்சை என்று மூன்று பொடியோடு உட்கார்ந்திருந்தாள். ஒட்டியிருக்கும் இரண்டு கட்டத்தில் ஒரே நிறம் வரக் கூடாதாம். மூலைக்கு மூலை வந்தால் தப்பில்லை. “இந்த மாதிரி எத்தனை விதமா போடலாம் மாமா?”

விதி இல்லையென்றால் 19,683. விதியோடு 246. என்னைச் சொக்க வைப்பது அந்த 246-க்குப் போய்ச் சேரும் வழிதான்.

முதல் வரிசையை மட்டும் 12 விதமாக நிரப்பலாம். பன்னிரண்டையும் சுமந்துகொண்டு போனால் மூச்சு முட்டும். நிறத்தின் பெயரை மறந்து பாருங்கள், இரண்டே சாதிதான்: ஓரங்கள் இரண்டும் ஒத்துப்போவது, மூன்று கட்டமும் வேறு வேறாக இருப்பது. சாதிக்கு ஆறு.

மஞ்சள்-சிவப்பு-மஞ்சள் என்ற வரிசைக்குக் கீழே என்ன வரும்? நடுவில் சிவப்பு ஆகாது. அங்கே மஞ்சளை வைத்தால் வேடிக்கை: ஓரக் கட்டங்களுக்கு மேலேயும் மஞ்சள், பக்கத்திலும் மஞ்சள். இரண்டு பக்கத்துத் தடையும் ஒன்றாகிவிட, ஓரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம் மிஞ்சுகிறது. ஆக நான்கு விதம். நடுவில் பச்சை வைத்தாலோ ஓரங்கள் சிவப்பைத் தவிர வேறெதையும் ஏற்காது, ஒரே விதம். இந்த ஐந்தில் ஓரம் ஒத்தவை 3, மூன்றும் வேறானவை 2. மூன்றும் வேறான வரிசைக்குக் கீழே இதேபோல 2, 2.

இனி பெருக்கல்தான். 6, 6 என்பது இரண்டாம் வரிசையில் 30 (6×3 + 6×2), 24 (6×2 + 6×2) ஆகிறது. மூன்றாவதில் 138, 108. கூட்டினால் 246. நூறு வரிசை நீட்டினாலும் 3, 2, 2, 2 என்ற இந்த நான்கு சிற்றெண்களே போதும். இவ்வளவு சிக்கனமான கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

அகலமும் சேர்ந்து வளர்ந்தால் விஷயம் கடினம். நாலுக்கு நாலிலேயே 7,812. எல்லையில்லாமல் விரியும் பரப்பில் கட்டத்துக்குச் சராசரியாக எத்தனை சுதந்திரம் என்பதை 1967-இல் இயற்பியலாளர் எலியட் லீப் கண்டுபிடித்த விடை சொல்கிறது: 4/3-ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் 1.5396. அவர் எண்ணியது நிறங்களை அல்ல, தட்டையான பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அமையும் விதங்களை. கட்டத்துக்கு வரும் சராசரி இரண்டிலும் ஒன்றே.

சிறுமி இதையெல்லாம் கேட்கக் காத்திருக்கவில்லை. இரண்டாம் வரிசையின் நடுக்கட்டத்தில், மஞ்சளைத்தான் தூவிக்கொண்டிருந்தாள்.