வளர்ச்சியும் வரம்பும்: குமரப்பாவின் நூல் பற்றிச் சில சிந்தனைகள்

வளர்ச்சி என்னும் சொல்லை ஐயுறுவது முற்போக்காளருக்கு எளிதான காரியமன்று. உற்பத்தி பெருகினால் உழைப்பவர் வாழ்வு உயரும், அதற்குத் தடையாக நிற்பது உடைமை உறவு மட்டுமே என்று நாம் நெடுங்காலம் நம்பிவந்துள்ளோம். ஆதலின் வளர்ச்சிக்கு எல்லை வேண்டும் என்று எவரேனும் கூறும்போது, வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உண்ணாநோன்பின் மேன்மையை உபதேசிக்கிறான் என்று எண்ணி அப்பாற் செல்வது நமது வழக்கம். 1972 இல் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் அறிக்கை அமெரிக்காவில் வெளிவந்தபோது இடதுசாரிகள் பலர் கொண்ட மனப்பாங்கும் இதுவே. அந்த ஐயம் முற்றாகத் தவறானதன்று. ஆயினும், அதே வினாவை இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, செல்வ நாட்டு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தன்றிக் காலனி ஆட்சியின் சிறைக்கூடத்திலிருந்து, தமிழர் ஒருவர் எழுப்பியிருந்தார் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1892 இல் தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனிற் கணக்காய்வு பயின்றவர். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதித்துறை கற்றவர். கணக்கு எழுதும் தொழிலை நன்கறிந்த ஒருவர், நாட்டின் கணக்கே பிழையாக எழுதப்படுகின்றது என்று கண்டதில் ஒரு பொருத்தமுண்டு. சிறையில் அவர் எழுதிய ‘நிலைபேற்றுப் பொருளியல்’ என்னும் ஆங்கில நூலுக்குக் காந்தி 1945 இல் முன்னுரை எழுதினார். பின்னர் ‘சிறியதே அழகு’ என்னும் நூலால் (1973) உலகப் புகழ் பெற்ற சூமாக்கர் குமரப்பாவை எடுத்தாண்டார். மேல்நாட்டார் எடுத்துக் கூறிய பின்னரே நம்மவரை நாம் தேடுவது புதிய செய்தியன்று.

குமரப்பாவின் சிந்தனையில் இன்றும் ஒளி மங்காத பகுதி ஒன்றுண்டு. இயற்கைச் செல்வத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய் போன்றவை தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறைபவை. காடு, ஓடும் நீர், விளைச்சல் என்பன இடையறாது வந்துகொண்டிருப்பவை. வரவின் அளவறிந்து எடுத்தால் என்றும் உள்ளவை. முதலாவதை நம்பி எழுப்பப்படும் பொருளாதாரம் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்பது அவர் முடிபு. எண்ணெய்க்காக நிகழ்ந்த போர்களைக் கண்ட நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இப்பிரிவினையை யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் வைத்துப் பார்த்தல் தகும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இந்நிலத்தில், சுண்ணக்கற் பாறையின் துளைகளிலே தங்கும் மழைநீரே குடிநீரும் பாசனநீரும் ஆகும். அந்நன்னீர், கீழிருக்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல் மிதக்கின்றது. மாரி தரும் அளவிற்கு எடுத்தால் அது வரவு. மிஞ்சினால் உவர் மேலேறும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதவலுவே அதற்கு ஓர் எல்லையாக இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றியது. 1970 முதல் 1977 வரையிருந்த அரசு வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செம்மண் தோட்டங்கள் செழித்தன, கல்வீடுகள் எழுந்தன. உள்நாட்டு விவசாயியைக் காத்த அக்கொள்கையை நாம் வரவேற்றோம், வரவேற்றது சரியே. ஆனால் அச்செழிப்பிற்காகக் கொட்டப்பட்ட பசளை எங்கே சென்றது என்று அன்று நாம் கேட்டோமா? அது கிணற்றுக்குச் சென்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் செறிவு பாதுகாப்பான அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இதிலே வேடிக்கை யாதெனின், தேசியக் கணக்கில் இவையெல்லாம் வளர்ச்சியே. பசளை விற்பனை வளர்ச்சி. கிணறு கெட்டபின் போத்தலில் அடைத்த நீரை விற்பதும் வளர்ச்சி. 2024 இல் தாளையடியில் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வளர்ச்சி. இன்றைய நிலையில் அந்நிலையம் வேண்டியதே. ஆனால் முன்பு விலையின்றிக் கிடைத்த நீர் எந்தப் பேரேட்டிலும் வரவாக எழுதப்படாமையால், அதன் இழப்பும் செலவாக எழுதப்படவில்லை. இது முதலாளித்துவத்திற்கு மட்டும் உரிய குருடென்று கூறி நாம் தப்பவும் முடியாது. பருத்தி விளைச்சலுக்காக ஆமு, சிர் நதிகளைத் திருப்பி ஆரல் கடலை வற்றச் செய்தது சோவியத் திட்டமிடலே. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே கொள்ளையிடுகின்றது என்று மார்க்ஸ் 1867 இலேயே ‘மூலதன’த்தில் எழுதியிருந்தும், அதன் பிற்பாதியை மறந்து நாம் வாசித்தோம்.

இத்துணை கடமைப்பட்டிருந்தும் குமரப்பாவை முழுதாக ஏற்க நம்மால் இயலவில்லை. பொருளாதாரங்களைத் தரப்படுத்த அவர் விலங்குலகை நாடுகிறார். ஆட்டைக் கொன்றுண்ணும் புலியிற் தொடங்கி, உழைக்காமற் பழம் பறிக்கும் குரங்கு, கூடுகட்டும் பறவை, கூட்டாக உழைக்கும் தேனீ என்று ஏறி, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையில் அவ்வரிசை முடிகின்றது. படிக்க இனிதாயினும், குரங்கு காணி உறுதி எழுதிவைத்துப் பழம் பறிப்பதில்லை. தேனீக்களிடையே சாதி கூறி விலக்கப்பட்ட தேனீயுமில்லை. மனிதர் படிநிலையில் ஏறாதிருப்பது குணக்குறையினால் மட்டுமன்று.

துலாவையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். நீருக்கு ஊறு செய்யாத அக்கருவியின்மேல் ஏறி விடியற்காலை முதல் மிதித்தவர் யார்? பெரும்பாலும், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த குடிமக்கள். தோட்டக்காரனின் பயிருக்கு நீர் இறைத்தவனின் மனைவி, தன் குடத்தை நிரப்ப அதே கிணற்றில் கைவைக்க உரிமையற்று, வேறொருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை நின்றாள். பம்பு வந்தபோது அம்மனிதனின் காலுக்குக் கிடைத்த ஓய்வை நிலத்தடி நீரின் கணக்கிலே மட்டும் எழுதுபவரோடு நாம் சேர முடியாது. பழைய சிக்கனத்தைப் போற்றிப் பாடுவோர், அதன் பாரத்தை எவர் முதுகு சுமந்தது என்பதைச் சொல்வதில்லை.

குமரப்பாவுக்கு இது தெரியாததுமன்று. இந்தியக் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவிற்கு அவர் தலைமை வகித்தார். இடைத்தரகர் ஒழிய வேண்டும், நிலம் உழுபவனைச் சேர வேண்டும், உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949 இல் அக்குழு பரிந்துரைத்தது. தாய்ப்பறவையை எழுதிய கையே அவ்வறிக்கையையும் எழுதியது. ஆயினும் அவரைப் போற்றுவோர் பறவையையே நினைவில் வைத்துள்ளனர்.

உடைமையையும் அதிகாரத்தையும் தொடாது வரம்பை மட்டும் விதித்தால் யாது நேரும் என்பதை நாம் கண்டோம். 2021 ஏப்பிரலில், அந்நியச் செலாவணி அருகிய வேளையில், இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டது. நஞ்சற்ற உணவு என்பது அதற்குக் கூறப்பட்ட பெயர். விவசாயியை எவரும் கேட்கவில்லை. மாற்றுப் பசளை போதிய அளவில் இல்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் கெட்டுவிட்டது. இயற்கை வேளாண்மை என்ற நல்ல சொல்லே வயலில் ஏச்சாக மாறியது.

குடாநாட்டில் காணி உறுதிகள் தனித்தனி. அடியிலுள்ள நீர் ஒன்று. ஒருவன் மிகையாக இறைத்தால் அயலவன் கிணறு உவர்க்கும். எத்தனை மணிநேரம் எவர் பம்பு இயங்கலாம் என்பதை எந்தச் சபை தீர்மானிப்பது? காணியின்றிக் கூலிக்கு வெங்காயம் பிடுங்கும் பெண்ணுக்கு அச்சபையில் இருக்கை உண்டா? குமரப்பாவின் நூலில் இதற்கு விடையில்லை. நமது நூல்களிலும் இல்லை.