சத்தியக்கடதாசி

சட்டத்தரணி ஒருவரின் வாதத்தைப் புகழ ஆளுண்டு. அதற்கு முன் அவர் எழுதும் சத்தியக்கடதாசியை ஆரும் ரசிப்பதில்லை. இணுவிலில் செம்மண் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று, "தண்ணி மணக்குது பிள்ளை" என்கிறார் ஒரு ஐயா. "எப்பவிருந்து ஐயா?" "உந்தச் சித்திரைக்குப் பிறகு." வாளி கல்லில் உரசி ஏறும், போத்தலைக் கழுவி, நிரப்பி, மூடி, ஒட்டிய துண்டில் நாளும் நேரமும் எழுதுவார்கள். பிறகு அந்த மணம் இலக்கமிட்ட பந்தியாகும். கோபமில்லை, பெயரடை இல்லை. ஐயாவின் சொல் மட்டும் மாறாமல் நிற்கும். வாசித்துக் காட்டியபின் அவர் ஆறுதலாக ஒப்பமிட, அதன் விளிம்பில் சமாதான நீதவானின் நீல முத்திரை கொஞ்சம் கசியும்.

பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கைக் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர், தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 2 கோடி ரூபா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. ஆகவே இங்கே கிணற்றுக்கு வாதாடுகிறவர் பாதி கடலுக்கும் வாதாடுகிறார். சுற்றாடல் சட்டம் படிக்கும் பிள்ளைகள் கறுப்பு அங்கியைக் கனவு காணட்டும், குற்றமில்லை. போத்தலில் துண்டு ஒட்டுகிற பொறுமைதான் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது.