கேள்வித்தாளும் ஒரு பிரதிதான்

நாவலையோ கவிதைத் தொகுப்பையோ எடுத்துவைத்து விமர்சனம் எழுதுவதுதான் இந்தப் பக்கங்களில் வழக்கம். இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள் ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வேலைக்குத் தகுதி, எந்தப் படிப்புக்கு ஆயத்தம் என்று அளந்து சொல்லுமாம். எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஆனால் நாம் கொண்டாடுகிற எந்த நாவலையும்விட எங்கள் சேரிப் பிள்ளைகளின் தலையில் அதிகமாகக் கைவைக்கிற பிரதி அது. அதனால் அதை வாசித்தே ஆகவேண்டும்.

நாலு வருஷமாக எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறோம். பதினாலு பிள்ளைகள் வருவார்கள். போன வருஷம் ஒருநாள் அவர்களில் ஒருத்தி பள்ளியில் கொடுத்த முடிவுத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "கைத்திறன் நாட்டம் அதிகம், தையல், அழகுக்கலை போன்ற தொழிற்பிரிவு பொருத்தம்" என்று அச்சடித்திருந்தது. அவளுக்கு ஆய்வகத்தில் வேலை செய்யணும் என்று ஆசை. ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் ஒருதரம் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. தாளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்கு மூளை கைலதான் இருக்காம்."

அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

கேள்வித்தாளை வாங்கி வரிவரியாகப் படித்தேன். முதல் பக்கத்திலேயே பெயர், வகுப்பு, சாதிப்பிரிவு, அப்பாவின் தொழில். அதற்கப்புறம்தான் கேள்விகள். "கருவிகளைக் கொண்டு கையால் வேலை செய்யப் பிடிக்கும்" என்று ஒரு வாக்கியம். அதற்கு "மிகவும் ஆம்" என்பதிலிருந்து "இல்லவே இல்லை" வரை ஐந்து கட்டம். அவள் "மிகவும் ஆம்" போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "லீவு நாள்ல அம்மாகூடச் சித்தாள் வேலைக்குப் போறேன் இல்ல, அது பிடிக்கலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

இதுபோன்ற கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்களின் நாட்டத்தை ஆறு வகையாகப் பிரித்து, அதற்கேற்ற தொழில் என்று ஒரு கோட்பாடு வைத்தார். உலகம் பூராவும் நாட்டமறித் தேர்வுகள் பலவும் அந்த ஆறு வகையின் மேல்தான் நிற்கின்றன. நாட்டம் என்றால் பலதையும் பார்த்து, தொட்டு, அதில் ஒன்றின் பக்கம் மனசு சாய்வது. எங்கள் பிள்ளைகளுக்குக் கைவேலை என்பது வயிற்றுக்காகப் போவது. கட்டாயத்தை நாட்டம் என்று எழுதிக்கொள்கிற அந்த இடத்தில்தான் இந்தப் பிரதி பொய் சொல்கிறது. பார்க்கவே வாய்க்காத வேலைமேல் ஆசை எப்படி வரும்? விமானி, கட்டடக்கலைஞர், நூலகர், புள்ளியியலாளர் என்று வரிசையாகப் போட்டு எது பிடிக்கும் என்று கேட்டால், தெரியாத சொல்லுக்கு நேரே பிள்ளை "இல்லை" என்றுதான் போடும்.

இன்னொரு கேள்வி: "உன் மேலதிகாரி தவறு செய்கிறார். என்ன செய்வாய்?" நாலு விடை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் "பேசாமல் இருப்பேன்" என்று குறித்திருந்தார்கள். நிலத்துக்காரரை எதிர்த்துப் பேசினால் மறுநாள் கூலி கிடையாது என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள். தாளோ அதற்கு "முன்முயற்சி குறைவு" என்று மதிப்பெண் போடுகிறது. ஒரு பையன் மட்டும் "எல்லார் முன்னாடியும் கேட்பேன்" என்று குறித்தான். அவனுக்குக் "கட்டுப்பாடு குறைவு". பணிந்தாலும் குறை, எதிர்த்தாலும் குறை!

பெற்றோர் தொழிலையும் பிள்ளை எதிர்காலத்தையும் முடிச்சுப்போடுவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைதான் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பன் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளணும். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் போராடித்தான் அதை விரட்டினார்கள். 1954இல் காமராஜர் கைவிட்டார். இன்றைக்கு யாரும் அப்படி வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். எழுபது வருஷம் கழித்து அதே பதிலை அறிவியல் பெயரில் ஒரு முடிவுத்தாள் சொல்லும்போது அதை எதிர்க்கத்தான் நமக்குச் சொல் தட்டுப்படமாட்டேன் என்கிறது.

இந்த இடத்தில் கறுப்பின மக்களின் அனுபவம் நமக்கு உதவும். அமெரிக்காவின் வடகரோலினாவில் டியூக் பவர் என்ற மின்கம்பெனி. அங்கே கறுப்பர்களுக்குக் கூலிப்பிரிவில் மட்டும்தான் வேலை. அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம், மற்ற நாலு பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப்பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி ஒரு புதுவிதி போட்டது: கூலிப்பிரிவு தவிர வேறெதில் புதிதாகச் சேர்வதானாலும் இரண்டு திறனறி தேர்வுகளில் தேறவேண்டும். கதவைச் சட்டம் திறந்த அன்றே தேர்வு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: செய்யப்போகிற வேலைக்கும் தேர்வுக்கும் சம்பந்தம் இருப்பதைக் காட்டமுடியாவிட்டால், பாகுபடுத்தும் நோக்கமே இல்லையென்றாலும், ஒரு பகுதி மக்களை வெளியே தள்ளுகிற தேர்வு செல்லாது. நரியும் கொக்கும் விருந்து வைத்துக்கொண்ட பழங்கதையைக்கூட அந்தத் தீர்ப்பு சுட்டுகிறது. பாலை ஊற்றினால் போதாது, குடிக்கிறவர் வாய்க்கு ஏற்ற பாத்திரமா என்றும் பார்க்கணும்.

முதல் பக்கத்துச் சாதிக் கட்டத்துக்கு வருவோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமத்துப் பையன்களை வைத்து நடத்திய சோதனை 2004இல் வெளிவந்தது. மேல்சாதியில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியில் 321 பேர். காகிதத்தில் புதிர்ப்பாதைக்கு வழி கண்டுபிடிக்கணும். சாதியைச் சொல்லாதபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எல்லார் முன்னிலையிலும் சாதியை வாசித்துவிட்டு உட்காரவைத்தபோது ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கிப் போனார்கள். பிள்ளையும் அதே பிள்ளை, புதிரும் அதே புதிர். வெவ்வேறு நாடுகளில் செய்த இப்படிப்பட்ட சோதனைகள் எல்லாவற்றிலும் ஒரே அளவில் முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உதவித்தொகைக்காக "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்ற குரலுக்கு எழுந்து நின்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தேர்வைக் கிழித்துப் போடுவோமா? எங்கள் கூட்டத்தில் ஒரு தோழர் அப்படித்தான் கேட்டார். "இதுக்குப் பயிற்சி குடுக்கிறதே சமரசம்தான்" என்றார். அவர் கோபம் நியாயம். ஆனால் நாம் கிழித்தால் நம் பிள்ளையின் தாள் மட்டும்தான் கிழியும். ஊர்த்தெருப் பிள்ளை டியூசனில் பழகிக்கொண்டு போய் எழுதிவிட்டு வரும். 1942இல் அம்பேத்கர் வைசிராயிடம் கொடுத்த மனுவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் தொழிற்பயிற்சி கேட்டார். நவீனத் தொழிலை அவர் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, உள்ளே போக வழி கேட்டார். 2022இல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியபிறகு உயர்கல்வி, வேலை வழிகாட்டல் என்ற பேச்சு அரசுப் பள்ளிவரைக்கும் வந்திருக்கிறது. வேண்டிய பேச்சுதான். அந்தப் பேச்சில் நம் குரலும் இருக்கணும்.

அதனால் இரண்டையும் செய்தோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து தாளை விமர்சனம் செய்தோம். அதை எழுதவும் பழக்கினோம்.

இந்தத் தேர்வுகளில் நாட்டம் பார்க்கிற பகுதி வேறு, திறன் பார்க்கிற பகுதி வேறு. திறன் பகுதியில் கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம்: அலுவலகச் சுற்றறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வது, அட்டவணையும் வரைபடமும் பார்ப்பது, கணக்கு. மூன்றையும் பழக்கிவிட முடியும். மின்கட்டண அட்டை, ரேஷன் பில், வங்கிப் படிவம், பஸ் நேரப்பலகை இவைதான் எங்கள் பாடநூல். அப்பாவின் ஒருவாரக் கூலியையும் மேஸ்திரி பிடித்துக்கொண்டதையும் வைத்து விழுக்காடு போட்டோம். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

வாரம் ஒருநாள் கடிகாரத்தை வைத்து முழுத்தாளும் எழுதவைத்தோம். முதல்வாரம் பாதித்தாள் வெள்ளையாக வந்தது. கணக்குத் தெரியாமல் இல்லை. முதல் கடினமான கேள்வியிலேயே நின்றுவிட்டார்கள். தெரிந்ததை முதலில் போடு, தவறுக்கு மதிப்பெண் கழிக்காத தாளில் எதையும் காலியாக விடாதே என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தவறான விடையை அடித்துவிட்டுப் போகாமல், ஏன் அதைப் போட்டாய் என்று கேட்டோம். பாதித் தவறுக்குக் காரணம் கேள்வியின் தமிழ். "ஈட்டிய தொகை" என்றால் ஈட்டியா என்று கேட்டான் ஒருவன். "சம்பாதிச்ச பணம்டா" என்றதும் கணக்கை முடித்துவிட்டான். ஆறு வாரத்தில் ஒரு பக்கமும் வெள்ளையாக வரவில்லை.

நாட்டம் பகுதிக்குப் பயிற்சி வேறுமாதிரி. அதற்குத் தாள் போதாது, கால் வேண்டும். நீதிமன்றம், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், ஆய்வகம் என்று கூட்டிக்கொண்டு போனோம். நம் ஆட்கள் வேலை செய்கிற இடமாகப் பார்த்துப் போனோம், அவர்களே சுற்றிக்காட்டினார்கள். பார்த்துவிட்டு வந்து அதே கட்டங்களை நிரப்பச்சொன்னபோது பிள்ளைகளின் பதில்கள் மாறியிருந்தன. ஒரு மாதத்தில் மாறிவிடுகிற நாட்டத்தை வைத்து ஒருத்தியின் வாழ்நாளை முடிவுசெய்ய முடியுமா?

பள்ளிகளிடம் நாம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. சாதியும் அப்பா தொழிலும் தேர்வுத்தாளில் எதற்கு? கட்டாயம் தேவையென்றால் எழுதி முடித்தபிறகு, தனிப்படிவத்தில் வாங்கட்டும். முடிவுத்தாளை யோசனையாகக் கொடுக்கட்டும். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதற்கு அதைத் தீர்ப்பாக வைக்கக்கூடாது. கேள்விகளை அச்சுக்கு அனுப்புமுன் சேரிப் பிள்ளைகள் பத்துப்பேரிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கணும். முடிவுத்தாளைக் காட்டித் தொழிற்பிரிவில் சேரச் சொல்லியிருந்தார்கள். நானும் அவள் அம்மாவும் பள்ளிக்குப் போனோம். நான் தயாரித்து வைத்திருந்த வாதமெல்லாம் அங்கே எடுபடவில்லை. அவள் அம்மாதான் பேசினார்: "சார், நான் சித்தாளு. கைவேலை எனக்குத் தெரியும். அது பிடிச்சா போறேன்? எம்பொண்ணுக்குக் கை இருக்குன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அறிவியல் பிரிவில் இடம் கொடுத்தார்கள்.

இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். இயற்பியல் கஷ்டமாக இருக்கிறது என்கிறாள். இருக்கட்டும், அது படிக்கிறவர்களுக்கு வருகிற கஷ்டம்.