இரண்டு குடும்பமும் இருபது குடும்பமும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைக் குடும்பங்களுக்காக 1950-களில் எழுந்தது புரூயிட்-ஐகோ குடியிருப்பு. 11 மாடிக் கட்டடங்கள் 33. 1972-இல் இடிக்கத் தொடங்கி, 1976-க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

ஏன் இந்த வீழ்ச்சி? கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் அங்கே ஒன்றைக் கவனித்தார். இரண்டே குடும்பங்களுக்குப் பொதுவான வாசற்புறம் துப்புரவாக இருந்தது. 20 குடும்பங்களுக்குப் பொதுவான தாழ்வாரமோ பாழாய்க் கிடந்தது. பகிர்வோர் பெருகினால் பொறுப்பு கரையும் என்றார்.

அதே குடியிருப்பு, அதே நிர்வாகம். மாறியது பகிர்வோர் எண்ணிக்கை. ஆகவே இந்த ஒப்பீட்டை ஒரு நல்ல சோதனை எனலாம். ஆனால் முழு வீழ்ச்சிக்கும் இதுவே காரணம் என்பது சோதனை காட்டாத முடிவு. அங்கே பராமரிப்புச் செலவு வாடகையை நம்பியிருந்தது. வீடுகள் காலியாகக் காலியாகப் பணம் குறைந்தது; பழுதுகள் பெருகின; மேலும் பலர் வெளியேறினர். மூன்று மாடிக்கு ஒருமுறையே நின்ற லிஃப்டும் பழுதானால் தாய்மார் என் செய்வர்?

வாசகர்களே, உங்கள் ஊரில் அடுக்குமாடித் திட்டம் வரும்போது இரண்டையும் கேளுங்கள்: ஒரு படிக்கட்டு எத்தனை குடும்பங்களுக்கு? அதைப் பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து?